பிஎஸ்பிக்குள் லிபர்ட்டி சிட்டி அடங்கியது எப்படி?

கையில் வைத்து ஆடும் கேம் என்றாலே, டிவியில் ஆடும் பெரிய கேமின் சுருக்கப்பட்ட நகல் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. படம் கொஞ்சம் மங்கல், ஊர் கொஞ்சம் சிறிது, மிஷன் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே என்று முடித்துவிடுவார்கள். பந்தய கேம், சண்டை கேம் போன்றவற்றில் அது ஓரளவு சரியாகவே இருக்கும். ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே கேமை அப்படியே சுருக்க முடியாது. எங்கே கை வைத்தாலும் இன்னொரு இடத்தில் விரிசல் விடும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. 2001 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கு வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' (சுருக்கமாக ஜிடிஏ 3). நான்கு ஆண்டுகள் கழித்து, 2005 அக்டோபரில், சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த 'லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்'. இரண்டும் நடப்பது லிபர்ட்டி சிட்டி என்ற ஒரே கற்பனை நகரத்தில். அதே மூன்று தீவுகள்: போர்ட்லேண்ட், ஸ்டான்டன் ஐலேண்ட், ஷோர்சைடு வேல். தெருக்கள்கூடப் பெரும்பாலும் அதே தெருக்கள்தான். ஊர் ஒன்று, கருவி இரண்டு என்பதால் எது கருவியால் வந்த மாற்றம், எது ஆசைப்பட்டுச் செய்த மாற்றம் என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். (இரண்டுமே வயது வந்தோருக்கான கேம்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம்.)

முதலில் ஓப்பன் வேர்ல்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய பாணி கேமில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் வரும். நடுவில் திரை கறுத்து, லோடிங் ஓடி, புதிய இடம் திறக்கும். அடுத்து நீங்கள் எங்கே போவீர்கள் என்பது கேமை உருவாக்கியவருக்கு முன்பே தெரியும். ஓப்பன் வேர்ல்டில் அது தெரியாது. மிஷனைக் கிடப்பில் போட்டுவிட்டு, தெருவில் நிற்கும் ஒரு டாக்சியில் ஏறி, நினைத்த பக்கம் திரும்பலாம். எந்தச் சந்தில் நுழைந்தாலும் அங்கே கட்டடம், விளக்குக் கம்பம், நடந்து போகும் ஆட்கள், எதிரே வரும் வண்டி எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அதுவும் திரையைக் கறுக்கவிடாமல்.

சிக்கல் எங்கே வருகிறது? பிளேஸ்டேஷன் 2-இல் ரேம், அதாவது ஓடும் கேம் தற்காலிகமாகத் தங்கும் மெமரி, மொத்தம் 32 எம்பி. இன்று செல்போனில் எடுக்கும் படங்களில் ஏழெட்டைச் சேர்த்தாலே அந்த அளவு வந்துவிடும். ஒரு நகரம் முழுவதையும் அதற்குள் ஒரே நேரத்தில் வைக்க வழியே இல்லை. அதனால் கேம் ஒரு தந்திரம் செய்கிறது. கல்யாண வீட்டுப் பந்தி நடக்கும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கும் ஒரே சமயத்தில் இலை போட மண்டபத்தில் இடம் இருக்காது. ஒரு வரிசை சாப்பிட்டு எழுந்ததும் இலையை எடுத்துவிட்டு அடுத்தவர்களுக்குப் போடுவார்கள். கேமும் அப்படித்தான். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் மட்டும் மெமரியில் இருக்கும். முன்னால் போகப் போக, அடுத்த தெருவின் கட்டடங்கள் டிஸ்கிலிருந்து வந்து சேரும். முதுகுக்குப் பின்னால் போன தெரு மெமரியிலிருந்து நீக்கப்படும். இதற்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர்.

கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. தூரத்தில் தெரியும் கட்டடத்துக்கு முழு விவரம் தேவையில்லை. ஜன்னல் எல்லாம் செதுக்காத ஒரு மொட்டைப் பெட்டி போதும். அருகில் வந்ததும் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு நிஜக் கட்டடத்தை வைத்துவிடுவார்கள். எவ்வளவு தூரம் வரை பொருள்களை வரைந்து காட்டுவது என்பதற்கும் ஒரு எல்லை வைப்பார்கள். பழைய ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் வேகமாக வண்டி ஓட்டும்போது, காலியாக இருந்த இடத்தில் திடீரென்று ஒரு மரமோ கம்பமோ முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரைய வேண்டிய பொருள் அந்த எல்லைக்குள் நுழைந்த நொடி அது. சில நேரம் டிஸ்க் தாமதமாகத் தந்த நொடி.

இந்தப் பந்தயத்தில் டிஸ்க் தோற்றுப்போவதும் உண்டு. ஜிடிஏ 3-ஐ உருவாக்கிய டிஎம்ஏ டிசைன் (பின்னாளில் ராக்ஸ்டார் நார்த்) நிறுவனத்தில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஓபே வெர்மெய்ஜ் பல ஆண்டுகள் கழித்து இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆட்டக்காரர் முழு வேகத்தில் வண்டியை விரட்டினால் தெருக்கள் வந்து சேர்வதற்குள் வண்டி அங்கே போய்விடுமாம். அதனால் போர்ட்லேண்டின் தெரு அமைப்பையே மாற்றி, ஒரு பேட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார்கள். ஒரு கட்டத்தில், தகவல் மெதுவாக வரும் பகுதிகளில் மட்டும் வண்டியின் மேல் காற்றின் எதிர்ப்பைச் சுமார் 5% கூட்டியும் பார்த்தார்களாம். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. ஊரின் வரைபடத்தைத் தீர்மானித்தவர்களில் டிஸ்க் டிரைவும் ஒருவர்! தீவு விட்டுத் தீவு போகும்போது மட்டும் ஸ்ட்ரீமிங் தாங்காது. அங்கே லோடிங் திரை வந்துவிடும்.

சரி, இப்போது இதே ஊரை பிஎஸ்பிக்குக் கொண்டுவர வேண்டும்.

பிஎஸ்பி ஜப்பானில் 2004 டிசம்பரில் வெளியானது. அமெரிக்காவுக்கு 2005 மார்ச்சில் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அது பிளேஸ்டேஷன் 2-க்கு மிக அருகில் இருப்பதுபோல் தோன்றும். அதற்கும் ரேம் 32 எம்பிதான். ஆனால் அதில் 8 எம்பியைக் கருவி தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும். கேமுக்கு மிச்சம் 24 எம்பி. பிராசசர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனால் வெளியான காலத்தில் கேம்களுக்கு 222 வரைதான் அனுமதி. முழு வேகத்தைத் திறந்துவிட்டது 2007-இல்தான். வேகம் கூடினால் பேட்டரி சீக்கிரம் கரையும் அல்லவா.

டிஸ்க் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. பிளேஸ்டேஷன் 2-இன் சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி வரை கொள்ளும். பிஎஸ்பிக்கு யுஎம்டி என்ற குட்டி டிஸ்க், அதிகபட்சம் 1.8 ஜிபி. கொள்ளளவைவிடப் பெரிய தொல்லை, படிக்கும் வேகம். யுஎம்டியிலிருந்து நொடிக்கு ஒன்றரை எம்பிகூட வராது. பிளேஸ்டேஷன் 2 டிவிடியில் கிட்டத்தட்ட அதன் நான்கு மடங்கு வரும். ஸ்ட்ரீமிங்கை நம்பி நிற்கும் ஒரு கேமுக்கு இது கழுத்தைப் பிடிக்கும் விஷயம். அதோடு டிஸ்க் சுழலச் சுழல மோட்டாரும் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

பிஎஸ்பிக்குச் சாதகமான ஒன்றும் இருந்தது: திரை. 4.3 அங்குலத் திரையில் மொத்தம் 480-க்கு 272 பிக்சல். டிவியில் பிளேஸ்டேஷன் 2 கேம்கள் பொதுவாக வரைந்த 640-க்கு 448 உடன் ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) வரைய வேண்டிய புள்ளிகள் பாதியானால் வேலையும் வெகுவாகக் குறையும். தூரத்துக் கட்டடத்தை மொட்டையாக விட்டாலும் அந்தச் சின்னத் திரையில் கண்ணுக்கு உறுத்தாது. கையடக்கக் கேம்களின் கிராஃபிக்ஸைப் பார்த்து, "இவ்வளவு சின்னக் கருவியில் இப்படியா!" என்று வியப்பவர்கள் திரைக்கும் ஒரு பங்கு நன்றி சொல்ல வேண்டும்.

லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸை முக்கியமாகச் செய்தது ராக்ஸ்டார் லீட்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம். முன்பு மோபியஸ் என்ற பெயரில் இயங்கிய இதை 2004-இல் ஜிடிஏ கேம்களை வெளியிடும் ராக்ஸ்டார் வாங்கியது. எடின்பரோவில் இருக்கும் ராக்ஸ்டார் நார்த்தும் கூட வேலை செய்தது. ஜிடிஏ 3, வெளி நிறுவனம் ஒன்றின் ரெண்டர்வேர் என்ற என்ஜினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஓடிய கேம். லீட்ஸ் குழு அதைக் கொண்டுவந்து பிஎஸ்பியில் திணிக்கவில்லை. பிஎஸ்பிக்கென்றே சொந்தமாக என்ஜின் எழுதிக்கொண்டார்கள். ஓப்பன் வேர்ல்ட் கேமை அப்படியே சுருக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

கதையிலும் அவர்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். ஜிடிஏ 3 நடப்பது 2001-இல்; இது 1998-இல் நடக்கிறது. மூன்று ஆண்டு முந்தைய கதை என்பதால் அதே ஊரை மறுபடி பயன்படுத்துவது சோம்பேறித்தனமாகத் தெரியவில்லை. ஜிடிஏ 3-இல் மாஃபியா ஆளாக வந்த டோனி சிப்ரியானி இங்கே நாயகன். முந்தைய நாயகன் கிளாட் வாயே திறக்கமாட்டான், டோனி பேசுகிறான். போர்ட்லேண்டிலிருந்து ஸ்டான்டனுக்குப் போகும் கேலஹான் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் ஃபெர்ரி ஓடுகிறது. ஜிடிஏ 3-இல் கட்டுமான இடமாகக் கிடந்த ஒரு பகுதி, இங்கே ஃபோர்ட் ஸ்டான்டன் என்ற உயிரோட்டமான பேட்டை. அது எப்படித் தரைமட்டமானது என்பதை இந்தக் கேமில் நீங்களே பார்க்கிறீர்கள், அதற்குக் காரணமாகவும் இருக்கிறீர்கள். முதல் கேமில் இல்லாத மோட்டார் சைக்கிளும் இங்கே உண்டு. ஆக, "சின்ன" கேமில் சில விஷயங்கள் கூடுதலாகவே இருக்கின்றன.

குறை என்று சொன்னால் நான் முதலில் கட்டுப்பாட்டைச் சொல்வேன். பிளேஸ்டேஷன் 2 கண்ட்ரோலரில் இரண்டு அனலாக் குச்சிகள், மேலே நான்கு தோள் பட்டன்கள். ஓர் ஆளை மூன்று பரிமாண நகரத்தில் நடத்த ஒரு குச்சி, கேமராவைத் திருப்ப இன்னொன்று என்ற பழக்கம் அந்தத் தலைமுறையில்தான் வேரூன்றியது. பிஎஸ்பியில் இருப்பது ஒரே ஒரு சின்ன அனலாக் குமிழ், இரண்டே தோள் பட்டன்கள். லீட்ஸ் கண்ட வழி: இடது தோள் பட்டனை அழுத்திப் பிடித்தால் குமிழ் கேமராவைத் திருப்பும், விட்டால் மறுபடி ஆள் நடப்பான். விளைவு, நடந்துகொண்டே சுற்றிப் பார்க்க முடியாது. நாலு பேர் சுடும்போது இது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, கேமரா தானாகவே பின்னால் வருவதால். கையில் வைத்து ஆடும் ஜிடிஏவில் ஓட்டுவது சுகம், சண்டை சிரமம் என்று பலர் சொல்வதற்குக் காரணம் கிராஃபிக்ஸ் அல்ல, காணாமல்போன அந்த ஒரு குச்சி.

அடுத்தது நேரம். புதியவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள். டிவி முன்னால் உட்கார்பவருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கையில் இருக்கும். பேருந்தில் ஆடுபவருக்குப் பதினைந்து நிமிடம் இருந்தால் பெரிது. ஜிடிஏவில் சேமிக்க வேண்டுமென்றால் பதுங்கு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மிஷன் நடுவில் சேமிக்க முடியாது. இது இரண்டு கருவிகளிலும் அப்படியே இருந்தது. ஆனால் பிஎஸ்பியில் பவர் சுவிட்சை ஒரு தட்டு தட்டினால் கேம் அந்த நொடியில் உறைந்து தூங்கிவிடும். மறுபடி தட்டினால் சில நொடிகளில் அதே தெரு, அதே துரத்தல், அதே போலீஸ். கருவியின் இந்த ஒரு வசதி, கேமின் பழைய சேமிப்பு முறையைச் சகிக்கக்கூடியதாக மாற்றியது. பிளேஸ்டேஷன் 2-இல் மின்சாரம் போனால் போனதுதான்.

கையடக்கக் கருவிக்கே உரிய இன்னொரு பரிசு, பக்கத்தில் இருப்பவர்களோடு ஆடுவது. இணையம் இல்லாமல், வயர்லெஸ் மூலம் நேரடியாக இணைந்து ஆறு பேர் வரை லிபர்ட்டி சிட்டியில் மோதிக்கொள்ளலாம். டாங்கியைக் கைப்பற்றும் ஆட்டம், வண்டிப் பந்தயம் என்று ஏழு வகை. பிளேஸ்டேஷன் 2-இல் அதுவரை வந்த மூன்று பெரிய ஜிடிஏக்களிலும் இப்படி ஒன்று கிடையாது. அவற்றில் கடைசியாக வந்த சான் ஆண்ட்ரியாஸில் மட்டும் ஒரே டிவியில் இருவர் சேர்ந்து ஊரில் சுற்ற ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது.

இவ்வளவு சொல்லியும், "எப்படியிருந்தாலும் டிவி பதிப்புதானே மேல்?" என்று கேட்பவர்களுக்காக வரலாறே ஒரு சோதனை நடத்தி வைத்திருக்கிறது. 2006 ஜூனில் இதே லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸை பிளேஸ்டேஷன் 2-க்குக் கொண்டுவந்தார்கள், வழக்கமான கேம்களைவிடக் குறைந்த விலையில். பெரிய திரை கிடைத்தது, இரண்டாவது குச்சி கிடைத்தது, கேமராவைச் சுதந்திரமாகத் திருப்ப முடிந்தது. அப்படியானால் கேம் மேலாகியிருக்க வேண்டுமே? விமர்சகர்கள் தந்த மதிப்பெண் பிஎஸ்பி பதிப்புக்குத் தந்ததைவிடக் குறைவு. கையில் பிடித்த திரையில் வியக்க வைத்த அதே தெருக்கள் டிவியில் வெறுமையாகத் தெரிந்தன. அதற்குள் அந்தக் கன்சோலில் சான் ஆண்ட்ரியாஸ் வந்து ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. மூன்று நகரங்களும் நடுவில் பாலைவனமும் மலையுமாக, தீவுகளுக்கிடையே லோடிங் திரைகூட இல்லாமல், ஒரு மாநிலத்தையே சுற்றிவந்தவர்களுக்குப் பழைய மூன்று தீவுகள் எப்படி இனிக்கும்? ஆறு பேர் ஆட்டமும் இந்தப் பதிப்பில் நீக்கப்பட்டிருந்தது. மிஷன்கள் குட்டியாக இருந்ததைப் பேருந்தில் யாரும் குறையாகச் சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்ததும் சொன்னார்கள்.

அதே லீட்ஸ் குழு 2006 இறுதியில் 'வைஸ் சிட்டி ஸ்டோரீஸ்' கொண்டுவந்தது. 1986-இல் நடக்கும் 'வைஸ் சிட்டி' என்ற முந்தைய ஜிடிஏ கேமுக்கு இரண்டு ஆண்டு முந்தைய கதை. இந்த முறை கொஞ்ச நேரம் நீந்தலாம், ஹெலிகாப்டர் ஓட்டலாம், தொழில்களைக் கைப்பற்றி நடத்தலாம். கருவி அதேதான், அதைக் கையாளும் கை மட்டும் பழகிவிட்டது.

ஆனால் எல்லாக் கையடக்கக் கருவியும் பிஎஸ்பி அல்ல. நின்டெண்டோ டிஎஸ்ஸில் ரேம் வெறும் 4 எம்பி. 2008-இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு வந்த ஜிடிஏ 4-இன் புதிய லிபர்ட்டி சிட்டியை அதற்குள் கொண்டுவருவது எப்படி? அந்தக் கன்சோல்கள் ஒவ்வொன்றிலும் 512 எம்பி. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். 2009 மார்ச்சில் வந்த 'சைனாடவுன் வார்ஸ்' கேமில் லீட்ஸ் எடுத்த முடிவு, கேமராவைத் தூக்கி வானத்தில் வைப்பது. மேலிருந்து பார்த்தால் தொடுவானம் கிடையாது. தொடுவானம் இல்லையென்றால் தூரத்துக் கட்டடங்களை வரையும் தலைவலியே கிடையாது; உங்களைச் சுற்றியுள்ள நாலு தெரு போதும். பாத்திரங்களையும் வண்டிகளையும் கறுப்புக் கோடு போட்ட காமிக்ஸ் படம்போல வரைந்தார்கள். அல்டர்னி பகுதியை மட்டும் விட்டுவிட்டு, ஜிடிஏ 4 நகரத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

இதற்கு முன்னும் ஒரு முயற்சி நடந்தது. கேம் பாய் அட்வான்ஸுக்கு 2004-இல் வந்த ஜிடிஏவும் மேலிருந்து பார்க்கும் கேம்தான். முதலில் ஜிடிஏ 3-ஐயே அதில் கொண்டுவர நினைத்துக் கடைசியில் வேறு கதையாக முடித்தார்கள். அதில் வானிலிருந்து பார்ப்பது ஒரு சமாதானமாகத் தெரிந்தது. சைனாடவுன் வார்ஸில் அப்படித் தெரியாததற்குக் காரணம், டிஎஸ்ஸில் மட்டுமே முடியும் விஷயங்களைச் சுற்றி ஆட்டத்தை அமைத்ததுதான். நிறுத்தி வைத்த காரைத் திருட வேண்டுமா? தொடுதிரையில் ஸ்க்ரூடிரைவரைத் திருக வேண்டும், ஒயரைப் பிடுங்கி இணைக்க வேண்டும். டாக்சி வேண்டுமா? மைக்கில் விசிலடிக்கலாம். போலீஸ் துரத்தினால் ஓடி ஒளிவதைவிட, அவர்கள் வண்டிகளை மோதி முடக்கினால், போலீஸ் எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறது என்று காட்டும் நட்சத்திரம் குறையும். சின்னத் திரையில் சில நிமிடங்களில் முடியும் ஆட்டத்துக்கு இது கச்சிதம். மிஷனில் தோற்றால் மறுபடி அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, பயணத்தைத் தாண்டிவிடலாம். நல்ல விமர்சனம் குவிந்தும் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்பது வருத்தமான விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் பிஎஸ்பிக்கும் வந்தது, சில கூடுதல் மிஷன்களோடு.

என்னைக் கேட்டால், கையடக்க ஓப்பன் வேர்ல்ட் கேம்களில் சைனாடவுன் வார்ஸ்தான் உச்சம். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் டிவி கேமைக் கையில் கொண்டுவந்த சாதனை. சைனாடவுன் வார்ஸோ கைக்கென்றே பிறந்த கேம்.

இன்றைக்கு வீட்டுக் கன்சோலுக்கும் கையடக்கக் கருவிக்கும் நடுவில் இருந்த கோடே மங்கிவிட்டது. 2017 மார்ச்சில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் வீட்டுக் கன்சோல், வெளியே எடுத்தால் கையடக்கக் கருவி. அதனுடனேயே வெளியான ஓப்பன் வேர்ல்ட் கேமான 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' இரண்டுக்கும் ஒரே கார்ட்ரிட்ஜ்தான். டிவியில் 900பி, கையில் 720பி என்பது மட்டும்தான் பெரிய வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், வெளியான புதிதில் சில இடங்களில் டிவியில் கேம் திக்கித் திணறியது. அதே இடங்களில் கையில் வைத்து ஆடியவர்களுக்குச் சீராக ஓடியது. குறைந்த பிக்சல்களை வரைந்தால் போதும் என்ற பிஎஸ்பி காலத்துச் சாதகம்தான் இங்கேயும் வேலை செய்தது. சில வாரங்களில் அப்டேட் ஒன்று வந்து டிவியிலும் நிலைமையைத் தேற்றியது.